நாலாவது படம்

கிள்ளான் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடைவரிசையில், எழுபத்தாறாம் வருஷம், ஒரு போட்டோ மெஷின் வந்து உட்கார்ந்தது. துணி அலமாரி அளவுக்கு ஒரு பெட்டி. உள்ளே சுற்றுகிற ஸ்டூல், வாசலில் முழங்கால்வரை தொங்கும் நீலத் திரை. சில்லறையைப் போட்டால் நாலு தடவை பளிச்சென்று வெளிச்சம் அடிக்கும். நாலு நிமிஷம் கழித்துப் பக்கத்துத் துவாரத்தில் ஈரம் காயாத ஒரு பட்டை வந்து விழும். அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக நாலு படம். ஆள் வேண்டாத மெஷின் என்று சொல்லித்தான் கடை முதலாளி, தவுக்கே ஆ செங்கின் தலையில் அதைக் கட்டியிருந்தார்கள்.

ஆள் வேண்டாதாமே! முதல் வாரத்திலேயே சந்தி சிரித்துப்போயிற்று. ஒருவர் வெளிச்சத்தைக் கண்டு பயந்து எழுந்து நின்றார்; நாலு படத்திலும் அவருடைய சட்டைப் பொத்தான்தான் விழுந்தது. ஒரு சீனத்து அம்மா உள்ளே இருந்த கண்ணாடியைப் பார்த்துப் பவுடர் போட்டுக்கொண்டே இருந்துவிட்டார். இன்னொருவர், படம் உடனே வரவில்லை என்று பெட்டியை எட்டி உதைத்தார். தவுக்கே தலையில் அடித்துக்கொண்டு, ஆள் வேண்டாத மெஷினைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை வைத்தார். அந்த ஆள்தான் மகதலேனா.

அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறையில், பதினொரு வயது மகன் லியனார்டோடு குடியிருந்தாள். அவளுடைய அப்பா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து செத்துப்போனவர். அக்கம்பக்கத்து வீடுகளில் துணி தேய்த்துக் கொடுத்து அவள் பிழைப்பு நடத்திக்கொண்டிருந்தாள். கூப்பிடு தூரத்தில் இருந்த அந்த வேலையை விட்டுவிட்டு, விடியற்காலையில் எழுந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் நசுங்கிக் கிள்ளானுக்குப் போய் ஒரு பெட்டிக்குக் காவல் இருக்கப்போகிறேன் என்றால், யார்தான் கேட்க மாட்டார்கள்? கேட்டார்கள். அவள் பாட்டுக்குப் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

காரணம் ஒரு பெண் குழந்தை.

எழுபதாம் வருஷம் அது. புருஷன் வாலண்டைன் மரக்கிடங்கில் லோரி ஏற்றுகிற வேலையில் இருந்தான். சிவப்பு அடையாள அட்டை, அதாவது சிவப்பு ஐசி, வைத்திருந்தவன். குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்தது. அவனுக்குப் பெர்மிட் கிடைக்கவில்லை. மகதலேனா ஏழு மாத வயிற்றோடு போர்ட் சுவெட்டன்ஹாம் வரைக்கும் போய் அவனைக் கப்பல் ஏற்றிவிட்டு வந்தாள். "ஆறே மாசம், பேப்பர சரி பண்ணிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவன் நாகப்பட்டினத்திலிருந்து இரண்டு கடிதம் போட்டான். அதற்குப் பிறகு மூச்சுப் பேச்சு இல்லை. இருக்கிறானா செத்தானா என்றுகூடத் தெரியவில்லை. பாவி!

அக்டோபர் இருபத்துநாலு, சனிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரத்தில் பெண் பிறந்தது. மலாய்க்கார மருத்துவச்சி வந்து பார்த்துக்கொண்டாள். பக்கத்து அறையில் இருந்த இராஜம்மா ஒரு கிளினிக்கில் ஆயா. அவள் தாயின் வற்றிய மாரையும், அடுப்பு எரியாத மூலையையும், ஐந்து வயது லியனார்டின் ஒட்டிய கன்னத்தையும் பத்து நாள் பார்த்தாள். பதினோராம் நாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நல்ல குடும்பம், மகதலேனா. கிள்ளான்ல இருக்காங்க. கல்யாணமாகிப் பத்து வருசம், ஒண்ணுமில்ல. தங்கமா வெச்சுக்குவாங்க. அதுக்கு மேல என்னக் கேக்காத."

பெயர்கூடப் பதியாத பிள்ளையை அவள் தூக்கிக் கொடுத்தாள். கொடுப்பதற்கு முன்னால், புடு அந்தோணியார் கோயிலில், சுரூபத்துக்கு முன்னால் முட்டிபோட வைத்து இராஜம்மா அவளிடம் சத்தியம் வாங்கினாள். பேரைக் கேட்கக் கூடாது. வீட்டைத் தேடக் கூடாது. நான்தான் பெற்றவள் என்று செத்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. இராஜம்மா இந்து, ஆனாலும் யாருடைய சத்தியத்தை எந்தச் சாமியிடம் வாங்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"மொகத்தப் பாக்கலாமில்லக்கா?" என்று மட்டும் மகதலேனா கேட்டாள்.

"ரோட்ல போறப்ப எதுக்கால வந்தா பாத்துக்க. அதுக்கு நான் என்ன, உன் கண்ணப் பொத்தவா முடியும்?"

அந்த ஒரு வார்த்தையைத்தான் மகதலேனா பிடித்துக்கொண்டாள். பேர் வேண்டாம், வீடு வேண்டாம், அம்மா என்று கூப்பிடவும் வேண்டாம். ஒரே ஒரு தடவை, வளர்ந்த முகத்தைப் பார்த்துவிட வேண்டும். ஆனால் கிள்ளானில் எத்தனை தெரு, எத்தனை பெண் பிள்ளை! எந்த ரோட்டில் நிற்பது?

விடை தானாக வந்தது. இந்த நாட்டில் பன்னிரண்டு வயதானால் ஐசி எடுத்தே ஆக வேண்டும். தவுக்கே மகளானாலும் தோட்டத் தொழிலாளி மகளானாலும் படம் பிடித்துக்கொண்டு பதிவு ஆபீசுக்குப் போய்த்தான் தீர வேண்டும். கிள்ளானில் அந்த ஆபீசுக்கு நடக்கிற தூரத்தில் ஒரு மெஷின் வந்திருக்கிறது, அதற்கு ஆள் தேடுகிறார்கள் என்று பஸ்ஸில் இரண்டு பேர் பேசிக்கொண்டது காதில் விழுந்த அன்றைக்கே அவள் இஸ்திரிப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டாள். பெண்ணுக்குப் பன்னிரண்டு ஆக இன்னும் ஆறு வருஷம் இருந்தது. இருக்கட்டுமே! இடத்தைப் பிடித்து வைக்க வேண்டாமா?

வேலை பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஸ்டூலை ஆளுக்குத் தகுந்தபடி ஏற்றி இறக்க வேண்டும். நெற்றி வேர்வையைத் துடைக்கச் சொல்ல வேண்டும். "கண்ண மூடாதீங்கண்ணே", "ஆன்டி, கொஞ்சம் நிமிருங்க" என்று தமிழிலும் மலாயிலும் மாறி மாறிச் சொல்ல வேண்டும். பிறகு நாலு நிமிஷம் காத்திருக்கச் சொல்ல வேண்டும். அந்த நாலு நிமிஷம்தான் பெரிய பாடு. பஸ் வந்துவிடும், ஆள் ஓடிவிடும், பட்டை பின்னாலேயே வந்து விழும்.

அப்படி முதன்முதலில் விட்டுவிட்டுப் போனவர் நடுவயது மனிதர் ஒருவர். பட்டைமீசை, நெற்றியில் திருநீறு. அவள் அந்தப் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சாயங்காலம்வரைக்கும் காத்திருந்தாள். வரவில்லை. மறுநாளும் வரவில்லை. தூக்கிப் போடு என்றார் தவுக்கே. ஒரு மனுஷனுடைய முகத்தை எப்படிக் குப்பையில் போடுவது? வீட்டுக்குக் கொண்டுவந்து, யாரோ கழித்துப் போட்ட பழைய டெலிபோன் புத்தகத்தில் சோற்றுப் பசை தடவி ஒட்டினாள்.

அதற்குப் பிறகு அது பழக்கமாகவே ஆகிவிட்டது. ஆபீசில் இரண்டு படம் கேட்பார்கள். ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். நாலாவது படம் யாருக்கும் வேண்டாத படம். கண் பாதி மூடியது, தும்மல் வந்தது, பக்கவாட்டில் திரும்பியது எல்லாம் அதில்தான் இருக்கும். கத்தரித்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. அவள் எல்லாவற்றையும் கொண்டுவந்தாள். புதுக் கண்ணாடி போட்ட, கணக்கு எழுதுகிற கிராணி, கடனுக்குக் கோட்டு வாங்கிப் போட்டுக்கொண்ட மாப்பிள்ளை, பெர்மிட்டுக்காக வந்து உதடு நடுங்க உட்கார்ந்திருந்த கிழவர், ஒரே ஸ்டூலில் இடித்துக்கொண்டு உட்கார்ந்த மலாய்ச் சகோதரிகள். அச்சடித்த பேர்களுக்கும் நம்பர்களுக்கும் மேலே, அந்தப் பேர்களுக்குச் சம்பந்தமே இல்லாத முகங்கள்.

"இதெல்லாம் யாரு வீட்டு ஆளுங்கம்மா?" என்று லியனார்ட் கேட்பான்.

"யாரு வீட்டு ஆளுங்களோ, இருக்கட்டும்டா."

"நம்ம வீட்டு ஆளுங்க படம் ஒண்ணுகூட இல்லையே இதுல."

அந்தப் பேச்சு அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, சோறு வடித்துவிட்டு, அவள் அந்தப் புத்தகங்களைப் புரட்டுவாள். தன் பெண்ணை இதே மாதிரி எங்கேயோ ஒரு தெருவில் யாரோ பார்த்துக்கொண்டுதானே இருப்பார்கள், அவர்கள் என்ன புண்ணியம் செய்தார்களோ என்று தோன்றும். அந்த ஏக்கத்தைச் சொல்லி அழ ஆள் இல்லை. ஊரார் முகங்களைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

எண்பத்திரண்டு வந்தது. அக்டோபர் பிறந்ததும் மகதலேனாவுக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூடச் சட்டையோடு எந்தப் பெண் வந்தாலும் ஒரே கேள்விதான்.

"பொறந்த நாள் எப்பம்மா?"

பேரைத்தான் கேட்கக் கூடாது. பிறந்த நாளைக் கேட்கக் கூடாது என்று சத்தியத்தில் இல்லையே! ஜூன் என்பாள் ஒருத்தி, ஆகஸ்டு என்பாள் ஒருத்தி. அவர்கள் போகலாம். அக்டோபர் என்று சொன்னால், "இந்த நாலாவது படத்த எனக்குக் குடுக்கிறியா? மெஷின் போர்டுல ஒட்டணும்" என்று கேட்டு வாங்கிக்கொள்வாள். மூன்றாம் தேதிக்காரி, ஒன்பதாம் தேதிக்காரி, முப்பதாம் தேதிக்காரி என்று பதினொரு பெண்கள் சேர்ந்தார்கள். இருபத்துநாலு மட்டும் வரவில்லை. நவம்பரும் போயிற்று. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அவள் அந்த நடைபாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் வந்தும் லீவு போடவில்லை. ஒருவேளை குடும்பமே ஊர் மாறிப் போயிருக்குமோ, செராஸ் பக்கம் போயிருக்குமோ, பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று நினைக்கும்போதெல்லாம் எழுந்து போய் பஸ் ஸ்டாண்டுவரைக்கும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

டிசம்பர் பாதியில், மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், பள்ளி விடுமுறையில் இருந்த பெண்கள் நாலைந்து பேர் கூட்டமாக வந்தார்கள். ஒரே கூச்சல். ஒருத்தி முதலில் ஏறி உட்கார்ந்தாள். இரட்டைப் பின்னல், இடது புருவத்தில் சின்னதாக ஒரு வெட்டு.

"பொறந்த நாள் எப்பம்மா?"

"அக்டோபர் இருபத்துநாலு, ஆன்டி. ஐசி எடுக்க லேட்டாயிடுச்சு. அப்பாவுக்கு நேரமே கெடைக்கல."

மகதலேனாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எப்படியோ திரையை இழுத்துவிட்டு நின்றாள். நாலு வெளிச்சம் அடித்தது. நாலு நிமிஷம் போனது. பட்டை விழுந்தது. மூன்று படத்தில் அந்தப் பெண் ஐசிக்கு வேண்டியபடி விறைப்பாக இருந்தாள். நாலாவதில் மட்டும் தலை ஒரு பக்கம் சாய்ந்து, பல் அத்தனையும் தெரிய, அப்படி ஒரு சிரிப்பு! கேட்டதும் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு அன்றைக்கு யார் உட்கார்ந்தார்கள், யார் எழுந்து போனார்கள் என்று மகதலேனாவுக்குத் தெரியாது. கண்ணீர் மறைத்தது. மழைச் சாரல் என்று சொல்லித் துடைத்துக்கொண்டாள்.

அந்தப் படம் டெலிபோன் புத்தகத்துக்குப் போகவில்லை. ஜெபப் புத்தகத்துக்குள் போயிற்று.

பார்த்துவிட்டேன் என்று இராஜம்மாவிடம்கூட அவள் சொல்லவில்லை. இராஜம்மா அதற்குள் மகளோடு கிள்ளானுக்கே குடி போயிருந்தாள். வருஷத்தில் ஒரு தடவை பிரிக்பீல்ட்ஸ் பக்கம் வந்தால் எட்டிப் பார்ப்பாள். சொன்னால், சத்தியத்தை மீறித் தேடினாயா என்று பிடித்துக்கொள்வாளோ என்று பயம். ஆகவே காதும் காதும் வைத்தாற்போல அவளும் அந்தப் படமும் குடித்தனம் நடத்தினார்கள். ஒவ்வோர் அக்டோபர் இருபத்துநாலுக்கும் ஒரு மெழுகுவத்தி. இந்த வருஷம் மூன்றாம் பாரம் பரீட்சை எழுதுவாள். இந்த வருஷம் பின்னலைப் பிரித்துக் கொண்டை போடப் பழகியிருப்பாள். புருவத்து வெட்டு எப்படி வந்தது, விழுந்தாளா, யாராவது அடித்தார்களா என்று ஒரு மாதம் கிடந்து மறுகினாள். அந்தச் சிரிப்பை மட்டும் நினைத்துக்கொண்டால் மனசு ஆறும். நன்றாக வைத்திருக்கிறார்கள், இல்லையென்றால் பிள்ளை இப்படியா சிரிக்கும்?

மெஷினை எண்பத்தெட்டில் தவுக்கே எடுத்துவிட்டார். மகதலேனா பிரிக்பீல்ட்ஸிலேயே ஒரு பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும் வேலைக்குப் போனாள். லியனார்டுக்குப் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. ஆனாலும் கிள்ளான்காரர்கள் எங்கே பார்த்தாலும், "என்ன மெஷின் ஆன்டி, சுகமா?" என்று நின்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

தொண்ணூற்றொன்றில் ஒரு சனிக்கிழமை காலை இராஜம்மா வந்தாள். மூச்சு வாங்கியது, முழங்கால் வலி. உட்கார்ந்து ஒரு டம்ளர் தேத்தண்ணி குடித்துவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு கல்யாணக் கார்டை எடுத்தாள்.

"எனக்கும் வயசாயிடுச்சுடி. சொல்லாமப் போய்ச் சேந்தா கட்டை வேகாது. உம் பொண்ணுக்குக் கல்யாணம்."

கார்டை விரித்தாள் மகதலேனா. கிள்ளான் வல்லிபுரம் – நேசம்மா தம்பதியரின் ஏக புதல்வி புனிதவதி. பேரை அவள் கேட்கவில்லை, கார்டே சொல்லிவிட்டது. புனிதவதி, புனிதவதி என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு சந்தோஷம் தாங்காமல், ஒன்பது வருஷம் பொத்திவைத்ததை உடைத்தாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. நான் அவளப் பாத்துட்டேன். தேடிப் போகல, சத்தியமா. அவளே மெஷினுக்கு வந்தா." ஜெபப் புத்தகத்தைத் திறந்து படத்தை நீட்டினாள்.

இராஜம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள், எட்டத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இது யாருடி?"

"என்னக்கா, இப்படிக் கேக்கறீங்க? இவதான்."

"இவ இல்ல. நான் மாசத்துக்கு ரெண்டு தடவ அந்த வீட்டுக்குப் போறவ. எனக்குத் தெரியாதா?"

"அக்டோபர் இருபத்துநாலுன்னு அவ வாயாலயே சொன்னாக்கா!"

இராஜம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அட பைத்தியக்காரி! அந்தத் தேதிய நம்பியா நீ உக்காந்திருந்த? நேரத்தச் சொல்லி அனுப்பினியே, அவங்க மொத வேலையா ஜோசியர்கிட்டப் போனாங்க. ஆயில்யம்னுட்டாரு. ஆயில்யத்துல பொறந்தவ மாமியாருக்கு ஆகாதுன்னு, நாளைக்கு எவ மருமகளா எடுப்பான்னு, தேதியயே மாத்தி எழுதிட்டாங்க. டிசம்பர் பன்னெண்டு, ரோகிணி. பொண்ணுக்கே அதுதான் தெரியும். அந்தத் தேதியில கணிச்ச ஜாதகத்துலதான் இப்பப் பொருத்தமும் பாத்திருக்காங்க."

மகதலேனாவின் வீட்டுக் காலண்டரில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புனிதர் இருந்தார்; நட்சத்திரம் இல்லை. பெற்ற நாளை மாற்றி எழுத முடியும் என்பதே அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. என்றைக்கோ வரப்போகிற ஒரு மாமியாருக்காக, பெற்றவள் ஏமாந்துபோனாள். அது யாருடைய குற்றம் என்று சொல்வது? பிள்ளை நன்றாக வாழட்டும் என்றுதானே அவர்களும் செய்தார்கள். ஆனாலும் அநியாயம் அநியாயம்தான்.

இராஜம்மா போன பிறகு அவள் புத்தகங்களை எல்லாம் இறக்கினாள். எண்பத்திரண்டு டிசம்பர், எண்பத்துமூன்று ஜனவரி. தேடி என்ன செய்வது? யாரைத் தேடுவது? இது என் பிள்ளை என்று சொல்ல அடையாளம் என்ன இருக்கிறது? கடைசியில் ஜெபப் புத்தகத்துப் படத்தைக் கையில் எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். யாருடைய பிள்ளையோ, ஒன்பது வருஷம் இவளுக்கு மகளாக இருந்திருக்கிறது. அதை டெலிபோன் புத்தகத்தில் மற்றவர்களோடு ஒட்டிவிடலாம் என்று பசையைக்கூடக் கரைத்தாள். மனசு வரவில்லை. பெற்றது கையில் இல்லை, கையில் வைத்திருந்தது தன்னுடையது இல்லை என்று ஆனபோது, ஒரே நாளில் இரண்டு பிள்ளையைப் பறிகொடுத்தவள்போல அவள் அழுதாள்.

"கல்யாணத்துக்கு வா. என் கூட வந்தவன்னு சொல்லிக்கறேன்" என்று இராஜம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தாள். "பாத்துட்டு வந்துடணும். சத்தியம் ஞாபகம் இருக்குதில்ல?"

கிள்ளானில் ஒரு மண்டபம். ஞாயிற்றுக்கிழமை. மகதலேனா அன்றைக்குப் பூசைக்குப் போகவில்லை; அவள் வாழ்க்கையில் அது இரண்டாவதோ மூன்றாவதோ தடவை. கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். மணமேடை தூரத்தில் இருந்தது, புகை வேறு. இந்தப் பாழும் கண் என்ன செய்தது தெரியுமா? தெரிந்திருந்தும், கூட்டத்தில் இருக்கிற பெண்களில் எல்லாம் அந்தப் புருவத்து வெட்டைத்தான் தேடியது. தன்னையே வைதுகொண்டு மேடையைப் பார்த்தாள். பெண் உயரமாக இருந்தாள். நெற்றிச்சுட்டியும் மாலையும் பாதி முகத்தை மறைத்தன. தாலி கட்டியபோது எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அப்போதும் பார்க்க முடியவில்லை.

சாப்பாடு முடிந்ததும் பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலருகில் நின்று, போகிறவர்களுக்குக் கும்பிடு போட்டு வழியனுப்பிக்கொண்டிருந்தார்கள். இராஜம்மா முன்னால் போனாள். பின்னால் மகதலேனா. இரண்டு முழ தூரத்தில் அந்த முகம் இருந்தது. இருபது வயது முகம். தன் மூக்கு. வாலண்டைனுடைய கூர்மையான மோவாய். பார்க்க வேண்டும் என்று இருபது வருஷத்துக்கு மேல் தவம் கிடந்த முகம். அவளுக்கு அது புது முகமாக இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

பெண் கும்பிட்ட கையை இறக்காமலே அவளை உற்றுப் பார்த்தாள்.

"ஆன்டி, உங்கள எங்கயோ பாத்திருக்கேனே... ஐயோ, நீங்க மெஷின் ஆன்டிதானே! பஸ் ஸ்டாண்ட்கிட்ட!"

இராஜம்மாவின் விரல்கள் மகதலேனாவின் முழங்கையை இறுக்கிப் பிடித்தன.

"ஆமாம்மா."

"உங்க மேல எனக்குக் கோவம் தெரியுமா?" பெண் சிரித்தாள். மாப்பிள்ளை பக்கம் திரும்பி, "பன்னெண்டு வயசுல ஐசிக்குப் படம் புடிக்கப் போனோம்ங்க. நான், பூமணி எல்லாரும். பூமணிதான் மொதல்ல உக்காந்தா. அவ ரொம்ப வெறப்பா இருந்தாளா, நான் வெளிய இருந்து திரைக்குக் கீழ கைய விட்டு அவ பாதத்துல கிச்சுகிச்சு மூட்டிட்டேன். அவ அப்படிச் சிரிச்சா. அந்தப் படத்தத்தான் ஆன்டி போர்டுல ஒட்டணும்னு கேட்டு வாங்கிக்கிட்டாங்க. எனக்குப் பொறாமையாப் போச்சு. என் படத்தயும் ஒட்டுங்க ஆன்டின்னு நாலாவதக் கிழிச்சு நீட்டறேன், திரும்பிக்கூடப் பாக்கல. வேணாம்மான்னுட்டாங்க!"

மகதலேனா எதையோ பிடித்துக்கொள்ளத் தேடினாள். இராஜம்மாவின் கைதான் கிடைத்தது. ஒன்பது வருஷம் அவள் மனசை ஆற்றிய அந்தச் சிரிப்பைச் சிரிக்க வைத்தவள் வெளியே, அவளுக்கு ஒரு சாண் பக்கத்தில், மழையில் குனிந்து நின்றிருக்கிறாள்.

"பூமணி... நல்லா இருக்காளா?" என்றாள்.

"காஜாங்ல டீச்சரா இருக்கா ஆன்டி. பரீட்சை நேரம், அதான் வர முடியல."

நன்றாக இருக்கட்டும், அவளும் நன்றாக இருக்கட்டும் என்று மகதலேனா மனசார நினைத்தாள். பிறகு, கேட்கக் கூடாது கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டாள்.

"அன்னிக்கி வேணாம்னு சொன்னது தப்பும்மா. இப்ப ஒரு படம் தரியா?"

"இப்பக் கைல இல்லியே ஆன்டி!" பெண்ணுக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போயிற்று. "அடுத்த மாசம் ஆல்பம் வந்துடும். வீட்டுக்கு வாங்க. பெட்டாலிங் ஜெயாலதான் இருக்கப்போறோம். உங்களுக்கு எது வேணுமோ நீங்களே எடுத்துக்கலாம். அட்ரஸ் எழுதித் தரேன், இருங்க." மாப்பிள்ளையின் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவினாள்.

பெட்டாலிங் ஜெயா. லியனார்டின் தொழிற்சாலைக்குப் போகிற அதே பஸ். மகதலேனாவின் கை தானாக நீண்டது. பாதி தூரம் போயிற்று. அந்தோணியாருக்கு முன்னால் முட்டிபோட்டு, பதினொரு நாள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சொன்ன வார்த்தை குறுக்கே வந்து நின்றது. வீட்டைத் தேட மாட்டேன் என்று சொன்னவள், வீட்டுக்குப் போய் உட்கார்ந்தால் மற்ற சத்தியம் மட்டும் நிற்குமா? அந்த மூக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருக்க அவளால் ஆகுமா?

கையை இழுத்துக்கொண்டாள்.

"வேணாம்மா," என்றாள். "பஸ் வந்துடும். போய்ட்டு வரேன்."

"பாத்தீங்களா, அன்னிக்கும் இதேதான் சொன்னீங்க!" என்று புனிதவதி சிரித்தாள். சிரித்துக்கொண்டே, அடுத்து நின்றவர்களைக் கும்பிடத் திரும்பிவிட்டாள்.